பஞ்சுக்குள்ளே ஒரு மரம்

கொடி காத்த குமரனின் ஊராகிய திருப்பூருக்குப் போகிறவர்கள் பனியன் வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். நாமோ ஓர் எழுத்தைக் கற்றுக்கொண்டு திரும்பினோம். அதுவும் சீன எழுத்து!

பின்னல் யந்திரங்களில் சில தைவான் தீவிலிருந்து வந்தவை. ஒரு பட்டறையில் அவற்றின் தகடுகளைப் பார்த்ததும், அம்மொழி பயின்ற நண்பர் அட்டைப் பெட்டி ஒன்றின்மேல் ஓர் எழுத்தை வரைந்து காட்டினார். 'மியென்' என்பது அதன் ஓசை; பருத்தி என்பது பொருள்.

மொத்தம் 12 கோடுகள். இடப்புறம் ஒரு மரம்: நெடுங்கோடு அடிமரம், குறுக்குக் கோடு கிளை, இருபுறமும் சரிந்து இறங்குபவை வேர். வலப்புறம் மேலே வெண்மை, கீழே தொங்கும் துணி. வெண்மையும் துணியும் சேர்ந்தால் சீனர்க்கு அது பட்டு. ஆகவே, பருத்தியாவது மரத்தில் விளைந்த பட்டு!

பட்டுக்கும் நார்த்துணிக்கும் பழகிய அந்நாட்டுக்குப் பருத்தி வெளியூர் விருந்தாளி. அதன் பழம்பெயர்களில் ஒன்றான 'ஜிபெய்' நம் வடமொழிக் கார்ப்பாஸத்தின் திரிபு என்பர். பட்டுப் பஞ்சைக் குறித்த பழைய எழுத்தில் இடப்புறம் பட்டு நூலின் உரு இருந்தது. புதுப் பஞ்சுக்காக நூலை எடுத்துவிட்டு மரத்தை நட்டார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுவாங் தாவ்போ என்னும் பெண்மணி, ஹைனான் தீவில் லீ மக்களிடம் கற்ற நூற்பு நெசவு வித்தைகளை ஷாங்காய்ப் பக்கத்துக் கிராமங்களில் பரப்பினாள். அதே நூற்றாண்டில், 1281-இல், சுவான்சௌ துறைமுகத்தில் தமிழர் சிவன் கோயிலுக்கென்று பொறித்த கல்லில், தமிழ் வரிகளின் முடிவில் சீன எழுத்துக்களும் இருக்கின்றன. இரு மொழிகளுக்கும் அறிமுகம் புதிதன்று.

பருத்தி செடியல்லவா, மரம் எப்படி வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். மரமாக வளரும் பருத்தியும் உண்டு; இலவமும் உண்டு. சீனர் இலவத்தை 'மரப்பருத்தி' என்றே அழைக்கின்றனர். இலவு என்றதும் நமக்கு ஏமாந்த கிளிதான் நினைவுக்கு வரும். கான்டன் நகரத்தாருக்கோ அது 'வீர மரம்'. இலையற்ற கிளைகளில் செக்கச் செவேலென்று பூத்து நிற்பதைக் கண்டு வைத்த பெயர். அந்நகரின் மலரும் அதுவே. நாம் காயைப் பார்த்தோம். அவர்கள் பூவைப் பார்த்தார்கள்!

சாயமேற்றுதலைக் குறிக்கும் எழுத்திலும் மரம் உண்டு. மேலே நீர்த்துளிகளும் ஒன்பது என்னும் எண்ணும், கீழே மரம். மரத்திலிருந்து எடுத்த சாயத்தில் பலமுறை தோய்ப்பது என்று அதற்கு உரை சொல்வார்கள்.

திருப்பூரில் அந்த நீரின் கதை வேறு. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. கீழ்ப்பகுதி உழவர்கள் கிணறும் வயலும் கெட்டு வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. பல ஆயிரம் தொழிலாளர் வேலையின்றி நின்றனர். கழிவுநீரை ஆற்றில் ஒரு சொட்டும் விடாமல் சுத்திகரித்து மீண்டும் உபயோகிக்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்ட பிறகே பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.