டிரெய்லருக்குப் பின்னாடி ஒரு சிவப்பு லைட்

மக்களே, இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் இல்லை. டிராக்டர் டிரெய்லருக்கு கொக்கி, பின், லைட் வயரிங் எல்லாம் வீட்டிலேயே எப்படிச் சரி பண்றதுன்னு எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். டிராக்டர் இல்லாதவங்களும் படிங்க, ஏன்னா அதுக்குப் பின்னாடி பைக்ல போறது நீங்கதான்.

டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்கலாம். திண்டுக்கல்லைச் சுத்தி ராத்திரி ரோட்டைப் பாருங்க. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி, நிலக்கோட்டைக்குப் பூ, வேடசந்தூர் பக்கம் வைக்கோல், பழனி ரோட்டுல தேங்காய். பாதி லோடு டிராக்டர்லதான் போகுது, அதுவும் இருட்டுன பிறகோ விடியறதுக்கு முன்னாடியோ. முன்னாடி ரெண்டு லைட் பளிச்சுன்னு எரியும். பின்னாடி ஒண்ணுமே இருக்காது. டிராக்டரோட சொந்த டெயில் லைட்டை டிரெய்லர் மறைச்சிடும்.

அப்படி ஒரு டிரெய்லர்ல பைக் போய் மோதினா என்ன ஆகும்? டிரெய்லரோட தளம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துல இருக்கும். பைக்கோட முன் சக்கரம் அடியில நுழைஞ்சிடும். ஓட்டுறவர் நெஞ்சோ, கழுத்தோ, தாடையோ நேரா இரும்புல போய் அடிக்கும். தாடை உடைஞ்சு, வாய்க்குள்ள ரத்தம் தேங்கி, மூச்சுப் பாதை அடைச்சு வர்றவங்களைப் பார்த்திருக்கேன். அந்தக் காயத்தைப் பார்த்தாலே எதுல மோதியிருப்பாங்கன்னு டூட்டி நர்ஸே சொல்லிடுவாங்க.

"பார்த்து ஓட்ட வேண்டியதுதானே"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போறீங்க. கண்ணு பார்த்து, மூளை புரிஞ்சு, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை செகண்ட்னு வெச்சாலே 25 மீட்டர் போயாச்சு. அதுக்கப்புறம் நல்ல காய்ஞ்ச ரோட்டுல நிக்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45. லோ பீம்ல, மண்ணு அப்பின டிரெய்லர் கண்ணுக்குத் தெரியறது சுமாரா 30, 40 மீட்டர்ல. எதிர்ல லாரி ஹை பீம் போட்டு வந்தா அதுவும் கிடையாது. குடிக்காத, தூங்காத, ஒழுங்கா ஓட்டுற ஆளுக்கே இந்த நிலைமை.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல விதி 105 இதுக்குத்தான் இருக்கு. பின்னாடி எரியற சிவப்பு லைட் 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரியணும். 60-ல வர்றவருக்கு அது ஒன்பது செகண்ட் அவகாசம். ஒன்பது செகண்ட்ல என்ன வேணா பண்ணலாம்.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல கொக்கி.

டிரெய்லரை டிராக்டரோட கீழ் கொக்கியில மட்டும்தான் மாட்டணும். டாப் லிங்க் மாட்டுற இடத்திலோ, பின் அச்சுக்கு மேல வேற எங்கயாவதோ சங்கிலி போட்டு இழுக்கவே கூடாது. இழுவை அச்சுக்கு மேல வந்தா டிராக்டர் முன்பக்கம் தூக்கி, பின்னாடி கவிழ்ந்து, ஓட்டுறவர் மேலயே விழும். தப்பிச்சுக் குதிக்க நேரம் இருக்காது.

பின் தேயும். கழட்டித் துடைச்சு விரலால தடவிப் பாருங்க. நடுவுல பள்ளம் விழுந்திருந்தா மாத்திடுங்க. வெல்டிங் வெச்சு நிரப்பி ஓட்டாதீங்க. பின்னுக்குக் கீழே ஒரு லாக் கண்டிப்பா வேணும். குண்டு குழியில பின் துள்ளி வெளியே வர்றதைத் தடுக்கிறது அதுதான். நிறையப் பேர் அங்க ஒரு கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருக்காங்க. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பூட்டு நம்ம ஊருது, பின்னுக்கு ஒரு லாக் வாங்க மட்டும் மனசு வராது! கூடவே டிரெய்லரையும் டிராக்டரையும் சேர்த்து ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் போடுங்க.

இன்னொண்ணு. டிராக்டர் ரிவர்ஸ் வரும்போது நடுவுல நின்னு பின் போட பசங்களை நிறுத்தாதீங்க. கிளட்ச் அரை அங்குலம் நழுவினா போதும். நசுங்கின விரலைத் திருப்பி வைக்க எல்லா நேரமும் முடியறதில்லை. டிராக்டர் முழுசா நின்னு, ஹேண்ட் பிரேக் போட்டு, டிரெய்லர் சக்கரத்துக்குக் கல் வெச்ச பிறகுதான் ஆள் உள்ள போகணும்.

இப்ப வயரிங். உண்மையில இது ஒரு ஞாயித்துக்கிழமை காலை வேலை. எங்க சித்தப்பா வண்டிக்கு நானும் அவரும் சேர்ந்துதான் போட்டோம். செலவு ஒரு டயர் விலையில கால் பங்குகூட வராது.

வாங்க வேண்டியது: ஏழு பின் சாக்கெட், அதுக்கேத்த பிளக், ரெண்டு டெயில் லைட் செட், ஃபியூஸ் ஹோல்டர், டியூப், வயர். வயர்லதான் எல்லாரும் மிச்சம் பிடிக்கிறாங்க. வீட்டு வயரிங்ல மிஞ்சின ஒத்தைக் கம்பி வயரைப் போடாதீங்க, டிரெய்லர் அதிர்ச்சியில உள்ளயே ஒடிஞ்சிடும். மேல உறை நல்லாத்தான் தெரியும், லைட் எரியாது. பல இழை வயர், 1.5 ஸ்கொயர் எம்.எம். வாங்குங்க. பிரேக் பல்பு ஒண்ணு 21 வாட்ஸ். ரெண்டும் எரிஞ்சா 12 வோல்ட்ல மூன்றரை ஆம்பியர் ஓடும். மெல்லிசு வயரா இருந்தா வழியிலேயே வோல்டேஜ் குறைஞ்சு, கடைசியில மஞ்சளா மினுக்கும்.

ஏழு பின்ல பொதுவான முறை இதுதான்: ஒண்ணு இடது இண்டிகேட்டர், நாலு வலது இண்டிகேட்டர், அஞ்சு வலது டெயில், ஏழு இடது டெயில், ஆறு பிரேக், மூணு எர்த். வயர் நிறத்தை மட்டும் நம்பாதீங்க, முன்னாடி யாராவது மாத்தி வெச்சிருப்பாங்க. டெஸ்ட் லாம்ப்பை வெச்சு, டிராக்டர்ல ஒவ்வொரு சுவிட்சா போட்டு, எந்தப் பின்ல கரண்ட் வருதுன்னு பாருங்க. சாக்கெட்டும் பிளக்கும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பம் மாதிரி இருக்கும். அதனால இடத்தை வெச்சு எண்ணாம, உள்ள அச்சடிச்ச நம்பரைப் பார்த்து மாட்டுங்க.

எல்லாத்தையும்விட முக்கியம் எர்த். மருத்துவ பாஷையில சொன்னா, தமனியில போன ரத்தம் சிரை வழியா திரும்பி வரணும். வரலைன்னா ஓட்டமே கிடையாது. கொக்கியும் பின்னும் இரும்புதானே, அது வழியா எர்த் வந்துடும்னு தனி வயர் போடாம விடுவாங்க. கிரீஸ், துரு, பெயிண்ட் மூணும் சேர்ந்து அதைக் கெடுத்துடும். இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குதா? பிரேக் அடிச்சா எல்லாமே மங்குதா? பல்பை மாத்தாதீங்க, எர்த்தைப் பாருங்க. மூணாம் பின்லிருந்து தனி வயரை ரெண்டு லைட்டுக்கும் கொண்டு போங்க. பாடியில போல்ட் போடுற இடத்துல பெயிண்ட்டைச் சுரண்டிப் பளபளன்னு ஆக்கி முடுக்குங்க.

வேலை தொடங்கும்போது பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டுங்க. டெயில் லைன்லயும் பிரேக் லைன்லயும் ஃபியூஸ் போடுங்க. வைக்கோல் ஏத்துற வண்டியில ஷார்ட் சர்க்யூட் ஆனா என்ன நடக்கும்னு விளக்கணுமா? ஜாயிண்ட்டை முறுக்கி டேப் சுத்தி விடாம, கிரிம்ப் பண்ணியோ ஈயம் வெச்சோ மூடுங்க. வயரை சேஸிஸுக்கு உள்பக்கமா டியூப்ல விட்டு, ஓட்டை வழியா போற இடத்துல ரப்பர் வளையம் மாட்டுங்க. கொக்கிகிட்ட திரும்பறதுக்கு வேண்டிய நீளம் விடுங்க, ஆனா தரையில உரசக் கூடாது.

டிரெய்லர் சேர்ந்த பிறகு இண்டிகேட்டர் தாறுமாறா மினுக்கினா ஃபிளாஷர் தாங்கலைன்னு அர்த்தம். டிரெய்லர் லோடு தாங்குற ஃபிளாஷரா மாத்திக்கோங்க.

லைட்டோட நிக்காதீங்க, ஒளிரும் ஸ்டிக்கரும் வேணும். பின்னாடி சிவப்பு, பக்கவாட்டுல மஞ்சள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவங்க முதுகுலகூட இப்ப ஒட்டுறாங்க. பஞ்சராகி ஓரத்துல நிக்கிற டிரெய்லருக்கு பேட்டரி தீர்ந்தாலும் வேலை செய்யறது அது ஒண்ணுதான். கரும்போ வைக்கோலோ பின்னாடி நீட்டிட்டு இருந்தா லைட் மறைஞ்சிடும். அப்ப நீட்டின நுனியில ஒரு சிவப்பு லைட் கட்டுங்க. பகல்ல சிவப்புத் துணி போதும், ராத்திரி அது கறுப்பு.

இதையும் தாண்டி ரோட்டுல யாராவது அடிபட்டுக் கிடந்தா: 108. வாயில ரத்தம் இருந்தா தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேர்க்கோட்டுல வர்ற மாதிரி, ரெண்டு மூணு பேர் சேர்ந்து பக்கவாட்டுல திருப்புங்க. தண்ணி ஊத்தாதீங்க. போலீஸ் கேஸ்னு பயப்பட வேண்டாம். 2019 சட்டத் திருத்தத்துல வந்த பிரிவு 134ஏ உதவி செய்றவரைப் பாதுகாக்குது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பர்ல தொடங்கின இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கு.

வயரிங் முடிஞ்சதும் பகல்ல பார்த்துட்டு சரின்னு விட்டுடாதீங்க. இருட்டுன பிறகு, லோடு ஏத்தி, வீட்டுல ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு, நீங்க ரோட்டோரமா 200 எட்டு பின்னாடி நடந்து போய் திரும்பிப் பாருங்க.