கெளுத்தி முள்ளும் நான் கேட்காம விட்ட கேள்வியும்

இது கொஞ்சம் நீளமான த்ரெட். கடல்லயோ கழிமுகத்துலயோ மீன் பிடிக்க இறங்குறவங்களும், வீட்ல கல்லீரல் நோயாளி இருக்கறவங்களும் கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

நான் வேலை பார்க்கிறது டெக்ஸாஸ் கடற்கரையில, ராக்போர்ட் பக்கம். ஏழு நாள் டியூட்டி, ஏழு நாள் லீவு. அதனால வீடு எடுக்காம ஆர்.வி.யில இருக்கேன். ஆர்.வி.ன்னா சக்கரம் வச்ச வீடு. முப்பதடி நீளத்துக்குள்ள கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் இருக்கும். இந்த வண்டிங்க நிக்கறதுக்குன்னே தனி பார்க் இருக்கு. கரண்ட், தண்ணி, கழிவுநீர் குழாய் மூணையும் மாட்டிட்டா குடித்தனம் ஆரம்பம். 2017 ஆகஸ்ட் 25 ராத்திரி ஹார்வி புயல் கரையேறினது இந்தப் பக்கம்தான். அதனால புயல் சீசன்ல எங்க பார்க்ல யாரும் பெட்ரோலைப் பாதி டேங்குக்குக் கீழ இறங்க விடறதில்ல.

குளிர் ஆரம்பிச்சா அயோவா, மினசோட்டாவுல இருந்து ஓய்வு பெற்றவங்க கூட்டமா இங்க வந்துடுவாங்க. 'வின்டர் டெக்ஸன்'னு அவங்களுக்குப் பேரே இருக்கு. என் பக்கத்து வண்டிக்காரர் அப்படி வந்தவர்தான், விவசாயம் பண்ணவர், எழுபதை நெருங்கற வயசு. அவர் சம்மதத்தோடதான் எழுதறேன். அடையாளம் தெரியாம சிலதை மாத்தியிருக்கேன்.

எங்க ரெண்டு பேருக்கும் மீன் பிடிக்கறதைவிட அதுக்குத் திட்டம் போடறதுல சந்தோஷம் அதிகம். சாயங்காலம் அவர் வண்டி நிழல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்துடுவோம். இங்க ஓதம் ஏறி இறங்கறது ரொம்பக் கம்மி. தண்ணியை நகர்த்தறது காத்துதான். ரெண்டு நாள் பலமா வாடை அடிச்சா விரிகுடாவுல தண்ணி வடிஞ்சு மணல் திட்டு வெளிய தெரியும். தென்கிழக்குக் காத்து திரும்பினா தண்ணி மறுபடி ஏறும், ரெட்ஃபிஷ் புல்லு ஓரமா மேய வரும். காத்து மணிக்கு 15 மைலுக்கு மேலன்னா போகமாட்டோம். ரெட்ஃபிஷ் 20லேருந்து 28 இன்ச்சுக்குள்ள இருந்தாத்தான் எடுக்கலாம், ஒரு நாளைக்கு ஆளுக்கு மூணு. திருக்கை மேல மிதிச்சிடக் கூடாதுன்னு காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கணும். இதெல்லாம் அவர் ஃப்ரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டியிருப்பார்.

அன்னிக்கு அக்டோபர் முதல் வாரம். தண்ணி இன்னும் வெதுவெதுன்னுதான் இருந்தது. இடுப்பளவு தண்ணியில நின்னு தூண்டில் போட்டோம். காலை எட்டு மணி வாக்குல அவர் தூண்டில்ல கெளுத்தி மாட்டுச்சு. ஹார்ட்ஹெட்னு சொல்ற கடல் கெளுத்தி. கொக்கியைக் கழட்டும்போது துள்ளி, முள்ளு அவர் வலது கட்டைவிரல் அடியில இறங்கிடுச்சு. கெளுத்தி குத்தினா எப்படி வலிக்கும்னு நம்ம ஊர் மீனவர்களைக் கேளுங்க, சொல்லுவாங்க. வண்டிக்கு வந்து, தாங்கற அளவு சூடான தண்ணியில கையை ஒரு மணி நேரம் வைக்கச் சொன்னேன். அந்த விஷம் சூட்டுல செயலிழந்துடும், வலி குறையும். அது சரியான வைத்தியம்தான். முள்ளு எதுவும் உள்ள தங்கலைன்னு பார்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவினோம்.

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கை லேசா வீங்கி, சிவந்திருந்தது. "டாக், காலையில இருந்ததைவிட இப்ப வலி ஜாஸ்தியா இருக்கு"ன்னார். நான் பார்த்துட்டு, "முள்ளு குத்தினா அப்படித்தான், காலையில பார்க்கலாம்"னு சொல்லிட்டேன்.

இதே ஆள் என் எமர்ஜென்சி வார்டுக்கு வந்திருந்தா முதல் ரெண்டு நிமிஷத்துல கேட்டிருப்பேன்: வேற என்ன வியாதி இருக்கு, என்ன மாத்திரை சாப்பிடறீங்க? மூணு வாரமா கூடவே காபி குடிச்ச மனுஷன்கிட்ட அதைக் கேட்கவே தோணல.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவர் மனைவி கதவைத் தட்டினாங்க. முழங்கை வரைக்கும் வீக்கம். புறங்கையில ஊதா நிறக் கொப்புளங்கள். குளிர் நடுக்கம், நாடி வேகமா ஓடுது. அப்பத்தான் அந்த அம்மா சொன்னாங்க, "அவருக்கு சிர்ரோசிஸ் இருக்கு டாக்டர்." குடிப்பழக்கம் கிடையாது. ஃபேட்டி லிவர் முத்தி வந்தது.

ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "கடல் தண்ணிக் காயம், சிர்ரோசிஸ், வைப்ரியோவா இருக்கும், சர்ஜனைக் கூப்பிடுங்க"ன்னு சொன்னேன். போன உடனே ரெண்டு ஆன்டிபயாடிக் ஏத்தினாங்க, விடியறதுக்குள்ள ஆபரேஷன். அப்புறமும் ரெண்டு ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைச்சார். ரெண்டு விரல் போச்சு.

வைப்ரியோ வல்னிஃபிகஸ். வெதுவெதுப்பான கடல் தண்ணியிலயும், ஆத்துத் தண்ணி கலக்கிற கழிமுகத்துலயும் இயல்பா வாழற பாக்டீரியா. சாக்கடைத் தண்ணி கலந்தாத்தான் வரும்னு இல்ல. தெளிவான தண்ணியிலயும் இருக்கும். காயம் வழியா உள்ள போகும், இல்லன்னா பச்சை சிப்பி சாப்பிட்டா போகும். இந்த நோய் வர்றது அபூர்வம். ஆனா வந்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் இறந்துடறாங்க, சில பேர் ஒண்ணு ரெண்டு நாள்லயே. ரத்தத்துல நுழையற கிருமியை வடிகட்டற பெரிய வேலை கல்லீரலோடது. அது கெட்டுப்போனவங்களுக்கும், உடம்புல இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேர்ற நோய் உள்ளவங்களுக்கும் ஆபத்து பல மடங்கு. சர்க்கரை நோயாளிகளும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து சாப்பிடறவங்களும் கவனமா இருக்கணும்.

கையில கால்ல ஆறாத புண்ணோ, புது வெட்டோ, பச்சை குத்தின இடமோ இருந்தா உப்புத்தண்ணியில இறங்காதீங்க. தண்ணியில இருக்கும்போது காயம் பட்டா உடனே சோப்பும் நல்ல தண்ணியும் போட்டுக் கழுவுங்க. காயத்தோட அளவுக்குப் பொருந்தாத வலி, வேகமாப் பரவற சிவப்பு, கொப்புளம், காய்ச்சல் இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா "கடல் தண்ணியில பட்ட காயம்"னு சொல்லுங்க. அவரா கேட்பார்னு நம்பி இருக்காதீங்க. நானே கேட்கல.

அடுத்த வருஷமும் அவர் வந்தார். இப்ப தண்ணிக்குள்ள இறங்கறதில்ல. மீன்பிடி மேடையில நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது கையால தூண்டில் வீசறார், மாட்டின கெளுத்தியை நான்தான் கழட்டிக் கொடுக்கணும். பார்க்குக்குப் புதுசா யாராவது மீன் பிடிக்க வர்றேன்னா, பேரைக் கேட்கறதுக்கு முன்னாடி "உங்க கல்லீரல் எப்படி இருக்கு?"ன்னு கேட்டு ஆளை மிரள வச்சிடறார்.