வீடும் உறுதியும்

கட்டடக்கலை பயில விரும்பும் மாணவர் அதற்குத் துணையாக எத்துறையைக் கற்க வேண்டும் என்ற கேள்வி இன்று கல்முனைப் பிரதேசத்து வீடுகளிலும் எழுகின்றது. வேலைவாய்ப்பை முன்வைத்தே அது கேட்கப்படுகின்றது. கேட்பதில் தவறில்லை.

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் பயின்ற மாணவி ஒருத்தி, "கணிய அளவையியலைச் சேர்த்துப் படித்தால் கட்டாரிலாவது வேலை கிடைக்கும் என்று வாப்பா சொல்கிறார், சேர்" என்றாள். அந்தத் தந்தையின் கவலையை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் செல்லும். தறியையும் வலையையும் நம்பி வாழும் குடும்பத்துக்கு அது எத்துணை பெரிய சுமை! "வாப்பா சொல்வதைப் படி, அதனோடு காணிச் சட்டத்தையும் சமூகவியலையும் இயன்றவரை படி" என்றேன். இந்த விடைக்குக் காரணம் எங்கள் கரையின் அண்மைக்கால வரலாற்றில் இருக்கின்றது.

2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பின்னர், கரையோரத்தில் வீடு கட்டலாகாது என அரசு ஓர் எல்லை விதித்தது. தெற்கில் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னாளில் அது தளர்த்தப்பட்டது. ஒரு புறம் கடலும் மறுபுறம் வயலும் நெருக்கும் சாய்ந்தமருது போன்ற ஊருக்கு 200 மீற்றர் என்றால் என்ன பொருள்? மக்கள் போவதற்கு நிலமில்லை என்பதே பொருள்.

அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியுடன் 500 வீடுகள் எழுந்தன. பாடசாலையும் பள்ளிவாசலும் வைத்தியசாலையும் உடன் கட்டப்பட்டன. ஆனால் அவற்றை யாருக்கு வழங்குவது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. வீடிழந்தோர் வெளியே காத்திருக்க, கட்டிய வீடுகள் பல்லாண்டுகள் ஆளின்றிப் புதர் மண்டிக் கிடந்தன. அவற்றை வெறுமையாக்கியது கட்டடக் குறை அன்று. காணியும் சட்டமும் இன அரசியலும் ஆகும்.

இன்னொன்றும் உண்டு. இக்கரையில் முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் வீடு பெண்ணைச் சேர்வது; மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். மகளுக்கொரு வீடு கட்டுவதற்காக ஆயுளைத் தேய்க்கும் தந்தையரை நாம் அறிவோம்; சீதனக் கொடுமையை நாம் போற்றவில்லை. ஆயினும், ஆழிப்பேரலைக்குப் பின் 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் உதவி வழங்கப்பட்டபோது, பெண்ணின் வீட்டுக்கு ஈடாக வந்த புதிய வீடு பல இடங்களில் கணவன் பெயருக்குப் போயிற்று. பெண்ணுக்கிருந்த ஒரே சொத்தை ஒரு படிவம் பறிக்கலாமா?

வேறு வழி இருந்ததை நமது நாடே முன்னர் கண்டிருக்கிறது. மினெட் டி சில்வா 1950களில் கண்டி வட்டாபுளுவையில் வீடமைப்புத் திட்டமொன்றை வகுத்தபோது, குடிவரவிருந்த மக்களிடம் வினாக்கொத்து மூலம் அவர்களுடைய தேவைகளைக் கேட்டறிந்தார். கேட்டறிவதும் அவருக்குக் கட்டடக்கலையின் பகுதியாகவே இருந்தது.

வீடமைப்பு, நகரத் திட்டமிடல், அனர்த்த மீள்கட்டுமானம் ஆகிய பணிகளில் இத்தகைய அறிவுக்கு இடமுண்டு. ஆகவே இது வயிற்றுப் பிழைப்புக்குப் பகையான கல்வியன்று. செங்கல்லையும் சீமெந்தையும் கணக்கிடும்போதே, வீட்டின் உறுதி யார் பெயரில் எழுதப்படும் என்றும் கேட்கத் தெரிந்தவர்கள் இக்கரைக்குத் தேவை. அவர்களை உருவாக்கும் கடமை கணித ஆசிரியருக்கு மட்டுமன்று, இலக்கியமும் வரலாறும் கற்பிக்கும் நமக்கும் உரியது.