கயாக் ஆடட்டும், தலை ஆட வேண்டாம்

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில் இருக்கும் சின்ன ஊர் திரிங்காப். நெகிழிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள், அவற்றுக்கு அப்பால் தேயிலைச் சரிவுகள். ஒரு மழை பெய்தால் போதும், வாய்க்கால்கள் மண் நிறத்தில் ஓடும். இந்தப் பக்கத்துத் தெலோம் ஆற்று நீர் சுரங்கம் வழியே பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பப்பட்டு, ரிங்லெட் ஏரியில் சேர்கிறது.

கேமரன் மலைக்கு வரும் நண்பர்கள் அந்த ஏரியைக் கண்டதும், "இங்கே கயாக் விடலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். அது மின்சாரத்துக்காகச் சுல்தான் அபு பக்கார் அணை தேக்கிய நீர்; அடியில் ஏராளமாகச் சேறு படிந்திருக்கிறது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களே போயின.

முதல் பாடத்துக்குப் புத்ராஜெயா ஏரி போன்ற இடம் நல்லது. நீரோட்டம் இல்லை, பயிற்சியாளரும் பக்கத்தில் இருப்பார்.

கயாக்கில் உட்கார்ந்ததும் அது ஆடும். நம் கட்டுமரம் பல மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அகலம் அதிகம், ஆட்டம் குறைவு. கயாக் ஒடுங்கியது. அதனால் புதியவர்கள் அகலமான, மேலே உட்காரும் வகையைக் கேளுங்கள்.

படகு ஆடும்போது பலரும் இரு பக்க விளிம்பையும் இறுகப் பிடித்து, உடம்பை விறைத்துக்கொள்கிறார்கள். அதுதான் கவிழ்க்கிறது. இடுப்பைத் தளர்த்துங்கள். படகு இடுப்போடு ஆடட்டும். தலை மட்டும் படகின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கட்டும். பாதங்களைக் கால்தாங்கியில் ஊன்றி, முதுகை நிமிர்த்துங்கள். சைக்கிளைப் போலத்தான், மெல்ல நகர்ந்துகொண்டிருந்தால் தடுமாற்றம் குறையும். நீரில் இருக்கும் துடுப்பும் ஒரு பிடிமானம்.

வலப்பக்கம் சாய்ந்தால், துடுப்பின் பின்புறத்தைத் தட்டையாக வலப்பக்க நீரில் அழுத்துங்கள். அதே நொடியில் வலது முழங்காலை மேலே தூக்கி, இடுப்பால் படகை நிமிர்த்துங்கள். தலை கடைசியாக எழட்டும். தலையை அவசரமாகத் தூக்கினால் படகு மறுபடி சாயும்.

அப்படியும் கவிழ்ந்தால் படகைப் பிடித்துக்கொண்டே மிதங்கள். கரையை நோக்கித் தனியாக நீந்தாதீர்கள். ஆழம் குறைந்த இடத்தில், பயிற்சியாளர் முன்னிலையில், முதல் நாளே ஒருமுறை வேண்டுமென்றே விழுந்து, திரும்ப ஏறிப் பழகுங்கள். விழுவது பழகிவிட்டால் பயம் பாதியாகும்.

உயிர்காப்பு அங்கியின் வார்களை இறுக்கிப் பூட்டுங்கள். தோளைப் பிடித்து மேலே இழுத்தால் அது காதுவரை ஏறக் கூடாது. பிள்ளைகளுக்கு அவர்கள் எடைக்கு ஏற்ற அங்கியே வேண்டும். "வளர்ந்தால் சரியாகும்" என்ற கணக்கு பள்ளிச் சட்டைக்கு மட்டும் போதும்.