பதினாலாயிரமும் ஓர் இனிஷியலும்

கோவையில் மில் வேலை பார்த்த கணவர் இறந்தபோது வந்த பணம், ஊரில் இருந்த நிலத்தை விற்ற பணம் இரண்டையும் சேர்த்து 20 லட்ச ரூபாயை வங்கியில் டெபாசிட் போட்டிருந்தார் அந்த அம்மா. வருஷ வட்டி 1,40,000 ரூபாய். அரிசி, பருப்பு, கரண்ட் பில், பிரஷர் மாத்திரை எல்லாம் அதிலிருந்துதான். வயது 67. வரி கட்டும் அளவுக்கு வருமானமே கிடையாது. ஆனாலும் 2024-25ஆம் நிதியாண்டில் 14,000 ரூபாயை டி.டி.எஸ். என்று பிடித்துவிட்டார்கள்.

சட்டப்படி அது சரிதான். மூத்த குடிமக்களுக்கு அப்போது 50,000 ரூபாயைத் தாண்டி வட்டி வந்தால் 10 சதவீதம் பிடித்தாக வேண்டும். (2025 ஏப்ரலில் இருந்து அது ஒரு லட்சமாகியிருக்கிறது.) 'எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம்' என்று 15எச் படிவம் கொடுத்திருந்தால் விட்டிருப்பார்கள். அதை வருஷா வருஷம் கொடுக்க வேண்டியிருந்தது. டெபாசிட் போட்ட அன்று போட்ட கையெழுத்தே ஆயுசுக்கும் போதும் என்று அந்த அம்மா இருந்துவிட்டார்.

2025 ஜூலையில் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் தன் போனிலேயே ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுத்தாள். ஆதார் ஓ.டி.பி. போட்டு வெரிஃபையும் முடிந்தது.

"ஒரு மாசத்துல வந்துரும் பெரியம்மா."

அந்தப் பணத்துக்கு வேலை காத்திருந்தது. இடது காது அநேகமாகக் கேட்பதில்லை; மெஷின் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் போனது. தீபாவளியும் போனது. ஒரு நாள், 'ரீஃபண்ட் தயார், இந்த லிங்கைத் தொடவும்' என்று எஸ்.எம்.எஸ். வந்தது. நல்லவேளை, தொடுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் காட்டினார். மோசடி. ரீஃபண்டுக்குக் காத்திருப்பவர்களைக் குறிவைத்தே இப்படி அனுப்புகிறார்கள்.

போர்ட்டலைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கணக்கு எப்போதோ முடிந்து, பணம் அனுப்பப்பட்டு, போய்ச் சேராமல் நிற்கிறது. பெயர் பொருந்தவில்லை. பான் கார்டில் அப்பாவின் பெயர் முழுதாகக் கடைசிப் பெயராக நிற்கிறது. பாஸ்புக்கில் கணவரின் இனிஷியல். பள்ளிக்கூடத்தில் அப்பா எழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் எழுத்து என்பது நம் ஊரில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர்.

வங்கியில், இரண்டு பெயரும் ஒருவர்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள்.

"நானே நேர்ல வந்து நிக்கறனே கண்ணு, இதுக்கு மேல என்ன வேணும்?"

கவுன்ட்டரில் இருந்த பையன் சிரித்தான். பாவம், அவன் மட்டும் என்ன செய்வான்? பாஸ்புக்கில் இனிஷியலை மாற்றினால் சுலபமாக முடியும் என்று வழி சொன்னான். அதற்கு மட்டும் அந்த அம்மா சம்மதிக்கவில்லை. அவர் போட்டுவிட்டுப் போன பணம், அவர் எழுத்தை எடுத்துவிட்டு அதை வாங்குவதா?

ஆகவே பான் கார்டைத் திருத்தினார்கள். நூறு ரூபாய்ச் சொச்சம் கட்டணம். கடைசிப் பெயராகக் கணவர் பெயர். அப்பா பெயருக்குக் கார்டில் தனி இடம் இருக்கிறது. அவரும் எங்கேயும் போகவில்லை. புது கார்டு வந்தபின் வங்கிக் கணக்கை மறுபடி சரிபார்த்து, ரீஃபண்டைத் திருப்பி அனுப்பும்படி போர்ட்டலிலேயே விண்ணப்பித்தாள் அந்தப் பெண்.

2026 பிப்ரவரியில் பணம் வந்தது. மெசேஜை நம்பாமல், வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் பிரின்ட் போட்டுப் பார்த்தார். 14,000 ரூபாயோடு வட்டியாகச் சில நூறு ரூபாயும் இருந்தது. தாமதத்துக்கு மாதம் அரை சதவீதம் தருகிறார்கள்.

"இந்த வட்டியையும் அடுத்த ரிட்டர்ன்ல வருமானமா காட்டணும் பெரியம்மா" என்றாள் பெண்.

அந்த அம்மா வலது காதைத் திருப்பி, "என்ன சொன்னே?" என்றார்.