தூண்டில் யாத்திரை

இருபதாவது விவாக தினத்தை எப்படிக் கொண்டாடுவது என்ற பேச்சு நம் வீட்டில் சென்ற தை மாதத்திலேயே கிளம்பிவிட்டது. முகூர்த்த நாள் என்னவோ ஆவணியில்தான். ஏழு மாதத்துக்கு முன்பே என்ன அவசரம் என்று நேயர்கள் கேட்கலாம். உபாத்தியாயர் வீட்டில் எந்தக் காரியமும் விடுமுறை அட்டவணையின் சம்மதத்தைப் பெற்ற பிறகே நடக்க முடியும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

காசி, பிரயாகை, ஹரித்வாரம் என்று ஒரு திட்டத்தை நாம் ரகசியமாகத் தயாரித்து வைத்திருந்தோம். தேசப் படத்தை மேஜைமேல் விரித்து, சிவப்புப் பென்ஸிலால் போட்ட கோட்டை இல்லாளிடம் பெருமையுடன் காட்டினோம். அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேறு ஆறு வேண்டும்" என்றாள்.

"கங்கையைவிட உயர்ந்த ஆறு எங்கே இருக்கிறது?"

"குளிக்கிற ஆறு இல்லை. தூண்டில் போடுகிற ஆறு."

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெங்காயம் வாங்கலாமா என்பதற்கே ஒரு காலத்தில் சபை கூடிய குடும்பம் நம்முடையது. அவளோ ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே தாமிரபருணிக் கரையில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் தகப்பனார் மூங்கில் கழியும், மண்புழு போட்ட சிரட்டையுமாகப் படித்துறைக்குப் போவார். பின்னால் இவள் போவாள். கெண்டையும் கெளுத்தியும் பிடித்த கதையை மணமான முதல் வருஷத்தில் நம்மிடம் சொன்னதுண்டு. நாமும் கேட்டு ரசித்தோம். அத்துடன் மறந்தும் விட்டோம். நம் வீட்டுக்கு வருகையில் யாரும் சொல்லாமலே கழியைப் பிறந்தகத்தில் வைத்துவிட்டு வந்தாள். தகப்பனார் காலமான பிறகு அந்தக் கழி என்னவாயிற்றோ! அதில் கட்டியிருந்த தக்கை மட்டும், மயிலிறகுத் தண்டில் செய்தது, அவளுடைய தையல் பெட்டியில் இருக்கிறது. பொத்தான் அறுந்தபோதெல்லாம் அந்தப் பெட்டியில் ஊசி தேடியிருக்கிறோம். தண்டையும் பார்த்திருக்கிறோம். குட்டி போடும் என்று குழந்தைகள் புத்தகத்துக்குள் வைக்கும் மயிலிறகின் மிச்சம் என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தோம்.

"பனி உருகி வருகிற ஆற்றில் சிவப்புப் புள்ளி போட்ட மீன் இருக்கிறதாம், ஒருநாள் அழைத்துப் போகிறேன் என்று அப்பா சொல்லுவார்" என்றாள். அவர் அழைத்துப் போகவில்லை. சிவப்புப் பென்ஸில் கோட்டை நாம் அன்றிரவே அழித்தோம்.

புள்ளி மீன் என்பது டிரௌட். அது நம் தேசத்து மீன் அல்ல. 1899-ல் இங்கிலாந்திலிருந்து காச்மீரத்துக்கு அனுப்பிய முட்டைகள் வழியிலேயே கெட்டுப்போயின. 1900-ல் வந்தவை பிழைத்தன. 1909-ல் ஹௌவெல் என்ற ஆங்கில அதிகாரி குலுப் பள்ளத்தாக்கில் அவற்றைக் கொண்டுவந்து வளர்த்தார். ஆங்கிலேயர் போய்விட்டார்கள், மீன் போகவில்லை. ஆற்றில் முன்பே குடியிருந்த மீன்களுக்கு இந்த விருந்தாளியால் நன்மை ஏற்பட்டதென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் நூறு வருஷத்துக்கு மேல் இங்கேயே பிறந்து வளர்ந்த ஜீவனை அன்னியன் என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பது?

"நீலகிரியில் அவலாஞ்சியிலேயே டிரௌட் இருக்கிறதே, அவ்வளவு தூரம் எதற்கு?" என்று நம் மைத்துனர் கேட்டார். உண்மைதான், 1907-லிருந்தே அங்கே மீன் பொரிப்பகம் உண்டு. ஆனால் நீலகிரியில் பனிமலை கிடையாதே! தகப்பனார் சொன்னது பனி உருகி வரும் ஆறு அல்லவா? ஆகவே ஹிமாசலப் பிரதேசத்திலுள்ள தீர்த்தன் நதியைத் தேர்ந்தெடுத்தோம். பெயரில் தீர்த்தம் இருந்ததும் நமக்கு ஓர் ஆறுதல். 754 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மகா ஹிமாலய தேசியப் பூங்காவுக்குள் உற்பத்தியாகி, தேவதாரு வனங்களின் ஊடே இறங்கி, லார்ஜியில் பியாஸ் நதியுடன் கலக்கிறது. அந்த வனத்தை 2014-ல் உலகப் பாரம்பரியச் சொத்துக்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

இனி நாள் பார்க்க வேண்டும். ஜோசியரைவிட மீன் இந்த விஷயத்தில் கண்டிப்பானது. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய அது முட்டையிடும் காலம். தூண்டில் போடக்கூடாதென்பது அரசாங்கச் சட்டம். மே மாதத்தில் பனி உருகி ஆறு பெருகியிருக்கும்; போதாததற்கு வடநாட்டார் பாதிப் பேர் வெயிலுக்குப் பயந்து மலையேறி விடுகிறார்கள். முகூர்த்த நாளன்றே அங்கே இருக்க வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடித்தோம். குஷைனி கிராமத்து விடுதிக்காரரிடம் டெலிபோனில் கேட்டதற்கு, "தாராளமாக வாருங்கள். அந்த மாதம் ஆறு இருக்கும், சேற்று நிறத்தில். சாலை இருக்குமா என்பதைத்தான் சொல்ல முடியாது" என்றார் அவர். 2023 ஜூலையில் பியாஸ் பெருகிப் பாலங்களையும் சாலைகளையும் அடித்துக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. பிடிவாதத்தைக் கைவிட்டோம். செப்டம்பர் கடைசியில், காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் புறப்படுவதென்று தீர்மானமாயிற்று. மழை ஓய்ந்து தண்ணீர் தெளியும் சமயம் அது.

சென்னையிலிருந்து டில்லிக்கு ரயிலில் சுமார் 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவு, ஒரு பகல். பிறகு சண்டிகர். அங்கிருந்து மோட்டாரில் பிலாஸ்பூர், மண்டி வழியாகப் பியாஸ் நதியின் மலையிடுக்கில் ஏறி, ஔட் சுரங்கத்தருகே பிரிந்து பஞ்ஜார் போகவேண்டும். ஏறக்குறைய 250 கிலோமீட்டர். காரை நாமே ஓட்டலாம் என்று ஒரு யோசனை சொன்னோம். "உங்கள் கார் ஓட்டம் பள்ளிக்கூடத்துக்கும் காய்கறிக் கடைக்கும் போதும்" என்ற பதில் வந்தது. மலைப் பாதையில் பழகிய டிரைவரை ஏற்பாடு செய்திருக்கிறோம். திரும்பும்போது 3,100 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஜலோரிக் கணவாயைக் கடந்து, நார்க்கண்டா, சிம்லா வழியாக இறங்குவோம். கணவாயின் உச்சியிலிருந்து காட்டு வழியே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நடந்தால் சேரோல்சர் என்ற சிறு ஏரி. கரையில் நாகதேவியின் கோயில். அங்கே காணிக்கை நெய். இதை மட்டும் திட்டத்தில் நாம் சேர்த்தோம்.

எல்லாம் முடிந்த பிறகுதான் சண்டை ஆரம்பித்தது. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிடும் வழக்கம் அந்தப் பள்ளத்தாக்கில் பரவி வருகிறது. இதைப் படித்ததும் நம் சைவ மனம் குளிர்ந்தது. கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொடவேண்டும், தண்ணீரைவிட்டு அதிக நேரம் வெளியே வைத்திருக்கக் கூடாது என்பதையெல்லாம் அவளுக்கு ஒரு பாடமாகவே நடத்தினோம்.

"தின்னாத மீனின் வாயை எதற்காகக் குத்துவது?" என்று அவள் கேட்டாள்.

நாம் வாயடைத்துப் போனோம். ஜீவகாருண்யம் நம் பக்கம் என்றல்லவா நினைத்திருந்தோம்! "அன்றைக்குக் குழம்புக்கு வேண்டியதைத்தான் அப்பா பிடிப்பார். சிறிசு அகப்பட்டால் விட்டுவிடுவார். விளையாட்டுக்காக ஒருநாளும் தூண்டில் போட்டதில்லை" என்றாள். மூன்று நாள் யோசித்தும் இதற்குத் தகுந்த மறுமொழி நமக்கு அகப்படவில்லை. கடைசியில் சமாதானம் ஏற்பட்டது: மீன் துறையாரிடம் முறைப்படி அனுமதிச் சீட்டு, சட்டம் அனுமதிக்கும் அளவுள்ள மீன் ஒன்றே ஒன்று, அது கிடைத்தவுடன் தூண்டிலைச் சுருட்டிவிடுவது. அதை அவள் சாப்பிடுவாள். நாம் எதிரே உட்கார்ந்து, சித்து என்ற கோதுமைப் பண்டத்தை நெய்யில் தோய்த்துச் சாப்பிடுவோம். அக்ரூட் பூரணம் வைத்து ஆவியில் வேகவைப்பதாம்; கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போலிருக்கிறது.

முகூர்த்த நாளன்று பாயசத்துடன் வீட்டிலேயே சாப்பிட்டோம். மறுநாள் சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அத்தனை வேகமாக ஓடும் தண்ணீரில் தக்கை பயன்படாது, அங்கே தூண்டில் போடும் முறையே வேறு என்று விடுதிக்காரர் முன்பே சொல்லியிருந்தார். அதை ஞாபகப்படுத்தினோம். அவள் மயிலிறகுத் தண்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பெட்டியின் ஓரத்தில் வைத்தாள். "மிதக்க வேண்டாம். கூட வரட்டும்" என்றாள்.

ரயிலுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. கம்பளிச் சட்டைகள் இரண்டு மைத்துனரிடம் இரவல் வாங்கியிருக்கிறோம். நமக்கு வந்ததில் கை முழங்கையோடு நின்றுவிடுகிறது.