குளவி வேடம் பூண்ட ஈ

கொழும்பிலே பூச்சி பார்க்க விரும்புவோர் காடு தேடிச் செல்ல வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், மாடிவீட்டு முகப்பிலே பூத்துநின்ற துளசிச் சாடியொன்றே எமக்குப் போதுமாயிற்று.

மஞ்சளும் கறுப்புமாய் வரியிட்ட பூச்சியொன்று அப்பூக்களின்மேல் அந்தரத்தில் அசையாது நின்றது. குளவியென்றெண்ணிச் சிறுவன் ஒதுங்கினான். பாட்டியார் பூச்சிமருந்தை எடுத்துவிட்டார். “கொஞ்சம் பொறுங்கோ அம்மா” என்று தடுத்து, கைத்தொலைபேசியால் நாலைந்து படங்கள் பிடித்தோம்.

மேலிருந்து பிடித்த படம் ஐயத்தையே வளர்த்தது. வரிகளன்றி வேறொன்றும் தெளிவாகத் தெரியவில்லை. பக்கத்திலும் முகத்துக்கு நேரேயும் எடுத்த படங்களே உண்மை கூறின. குளவிக்குச் சிறகு நான்கு; இதற்கோ இரண்டே. பின்சிறகுகள் இருக்க வேண்டிய இடத்திலே, பறக்கையில் சமநிலை காக்கும் இரு சிறு குமிழ்கள் இருந்தன. தலையை நிறைத்த பெருங்கண்கள், குறுகிய உணர்கொம்புகள், ஒடுங்காத இடை. சிர்பிடே குடும்பத்து ஈ அது! அதற்குக் கொடுக்கே கிடையாது.

“ஈக்கு ஏன் தம்பி இந்த வேஷம்?” என்றார் பாட்டியார்.

ஒருமுறை கொட்டுப்பட்ட பறவை அந்நிறத்தை மறவாது. அந்நிறம் பூண்ட ஈயையும் தீண்டாது. இத்தகைய போலித் தோற்றத்தின் பயனை, அமேசன் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்த ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1862ஆம் ஆண்டில் விளக்கினார்.

அடுத்த ஞாயிறு, நகரின் வடபுறத்தேயுள்ள கொட்டாஞ்சேனை சென்றோம். புனித லூசியாள் பேராலயத்துக்கு அண்மையில், மதிலோரச் செடியிலே அதே மஞ்சள் வரி! பெற்ற அறிவின் செருக்கிலே கையை நீட்டப் போனோம். நல்லவேளையாக முதலிற் படம் பிடித்தோம். நீண்ட உணர்கொம்பு, நூல் போன்ற இடை, நெடுக்காக மடிந்த சிறகுகள்: மெய்யான குளவியே அது.

ஆகவே ஓரடையாளத்தை மாத்திரம் நம்பலாகாது. ஒடுங்கிய இடையையும் நீண்ட உணர்கொம்பையும்கூடக் கடன்வாங்கிய ஈக்கள் உண்டு. இலங்கையிற் பரவலாகக் காணப்படும் இஸ்கியோடன் ஸ்குட்டெல்லாரிஸ் என்னும் ஈக்கு 1805இல் பப்ரீசியஸ் பெயரிட்டார். வெள்ளவத்தை ஈயும் அதுதானோ என்று துணிய எமது படங்கள் போதா. குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொண்டோம்.

இவ்வீக்களிற் பலவற்றின் புழுக்கள், தளிரின் சாற்றை உறிஞ்சும் அசுவுணிகளை உண்டு செடியைக் காப்பன. இதனைக் கேட்ட பாட்டியார் மருந்துப் போத்தலை உள்ளே வைத்துவிட்டார். இப்போது அவ்வீட்டிற் பூச்சி வந்தால், சிறுவன் எட்டநின்று முதலிற் சிறகை எண்ணுகிறான்.